பெங்களூர் ஓவியர்களும் தமிழ் மண்ணும்

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் செப்பேடும் துணை செய்வது போலவே ஓவியமும் துணை செய்கின்றது. எந்த மன்னன் யாரை வென்றான், எவ்வளவு நிலம் கொடுத்தான் என்பவற்றைக் கல் கூறும். மக்கள் எதைக் கண்டு மகிழ்ந்தனர், எதை மறக்கலாகாது என்று எண்ணினர் என்பவற்றைச் சுவரிலும் பலகையிலும் தாளிலும் தீட்டிய வண்ணம் கூறும். ஆதலின், நாம் வாழும் இப்பெங்களூர் நகரத்து ஓவியர்களைப் பற்றியும், அவர்தம் தூரிகையை இயக்கிய பொருள்களைப் பற்றியும் இவ்வாண்டு விழா மலரில் சில சொல்லலாம் என்று எண்ணினேன்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. தமிழர் இந்நகருக்கு வந்த கதை நெடியது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அல்சூர்ப் பக்கத்தில் தண்டு அமைத்தபோது, படையோடு படையாகத் தமிழ் வணிகரும் தொழிலாளரும் வந்து குடியேறினர். 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை தண்டு நிலையத்தை எட்டியது. அதன் பின் வந்தோர் தொகை பெருகியது. நம் காலனியிலும் மூன்றாந் தலைமுறைப் பிள்ளைகள் விளையாடுகின்றனர். எனினும், கோடை விடுமுறையில் ‘ஊருக்குப் போகிறோம்’ என்றுதான் இன்றும் சொல்கிறோம். போன ஊரிலோ, ‘பெங்களூர்க்காரர் வந்திருக்கிறார்’ என்றுதான் நம்மைச் சொல்கின்றனர். அங்கும் விருந்தினர், இங்கும் விருந்தினர் என்னும் இந்நிலை நம் பிள்ளைகளின் உள்ளத்தில் ஒரு கேள்வியை எழுப்பாமல் இராது. நம் ஊர் எது என்பதே அக்கேள்வி.

அதற்கு விடை தேடுங்கால், இந்நாட்டு ஓவியர்களின் வரலாறு நமக்கு ஒரு வெளிச்சத்தைக் காட்டுகின்றது. நாம் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டை விட்டு இங்கு வந்தோம். இந்நாட்டு ஓவியர் சிலரோ தம் கலைக்காகத் தமிழ் மண்ணை நாடி வந்தனர். போவார் வருவாரால் அமைந்த இந்தப் பாதை மிகப் பழையது, இருப்புப்பாதைக்கும் முந்தியது.

புள்ளலூர்ப் போரும் சீரங்கப்பட்டணத்துச் சுவரும்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வண்டியில் ஏறிச் சீரங்கப்பட்டணத்தில் இறங்கினால், காவிரிக் கரைத் தோட்டம் ஒன்றின் நடுவே ‘தரியா தௌலத்’ என்னும் மாளிகையைக் காணலாம். திப்பு சுல்தான் 1784-ஆம் ஆண்டில் கட்டுவித்த கோடை மாளிகை இது. இதன் புறச் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். அவற்றுள் மேற்குச் சுவரில் விரிந்திருப்பது ஒரு போர்க்காட்சி. ஆங்கிலப் படை சதுரமாக நிற்கின்றது. நடுவே தலைவன் பெய்லி பல்லக்கில் இருக்கின்றான். வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுகின்றது. ஹைதரும் திப்புவும் பெருஞ்சேனையோடு வருகின்றனர்.

இப்போர் நடந்த இடம் எது தெரியுமா? காஞ்சிபுரத்திற்கு வடக்கே உள்ள புள்ளலூர் என்னும் சிற்றூர். ஆங்கிலேயர் வாயில் அது ‘பொள்ளிலூர்’ ஆயிற்று. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் அவ்வூர் வெளியில் பெய்லியின் படை அழிந்தது. தமிழ்நாட்டு வயலில் நிகழ்ந்ததை மைசூர் நாட்டு ஓவியர் காவிரிக் கரையில் தீட்டி வைத்தனர்.

புள்ளலூர் என்னும் பெயர் நம் பழைய வரலாற்றிலும் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனும், வாதாபியிலிருந்து ஆண்ட சளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் பகைகொண்டு பொருதனர். பல்லவரைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாகப் புலிகேசியின் ஐகொளெக் கல்வெட்டு சொல்லும். மகேந்திரன் புள்ளலூரில் பகைவரை அழித்ததாகப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு சொல்லும். இரு தரப்பாரும் தாமே வென்றதாக எழுதி வைத்துள்ளனர், வழக்கமும் அதுவேயன்றோ?

ஆனால் அம்மகேந்திரவர்மன் வெறும் போர்வீரன் அல்லன். ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டப் பெயர் பூண்டவன். ஓவிய நூல் ஒன்றுக்கு அவன் உரை வகுத்தான் என்று மாமண்டூர்க் கல்வெட்டைக் கொண்டு அறிஞர் கருதுவர். ஓவியனாகிய ஒரு தமிழகத்து வேந்தன் கன்னட நாட்டரசனோடு பொருத அவ்வூர், ஆயிரத்து நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் மைசூர் ஓவியர்க்குப் பொருளாக அமைந்தது வியப்பிற்குரியதே.

தரியா தௌலத்து ஓவியங்களுக்கும் இடர் வந்தது. ஒரு காலத்தில் அவற்றின்மீது வெள்ளையடிக்கப்பட்டது. 1799-இல் திப்பு வீழ்ந்த பின்னர் அம்மாளிகையில் தங்கிய வெல்லெஸ்லி அவற்றைப் புதுப்பிக்கச் செய்தான். 1850-களில் டல்ஹௌசி காலத்தில் அவை மீண்டும் தீட்டப்பட்டன. தம் தோல்வியைக் காட்டும் படத்தை வென்றவர்களே காத்தனர். கலைக்கு அத்தகைய ஆற்றல் உண்டு.

ஒரு மரத்தின் இரு கிளைகள்

1565-ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் பாழ்பட்டது. அரசனை அண்டி வாழ்ந்த சித்திரகாரர் குடும்பங்கள் திக்குத் திக்காகப் பிரிந்தன. சிலர் மைசூர் உடையார்களை அடைந்தனர். சிலர் தெற்கே தஞ்சை நாயக்கரை அடைந்தனர். முன்னவர் வழியில் மைசூர் ஓவியமும், பின்னவர் வழியில் பிற்காலத்து மராட்டிய மன்னர் ஆதரவில் தஞ்சை ஓவியமும் தழைத்தன.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உடன்பிறப்பு முகச்சாயல் தெரியும். இரண்டிலும் தெய்வ உருவங்களே தலைமைப் பொருள். இரண்டிலும் பசை கூட்டி மேடெழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவர். வேற்றுமையும் உண்டு. தஞ்சைப் பலகைப் படத்தில் மேடு தடித்திருக்கும். கண்ணாடிக் கற்களும் மணிகளும் பதித்திருக்கும். விளக்கொளியில் படம் முழுதும் சுடர்விடும். மைசூர்ப் படத்தில் மேடு மிக மெல்லியது. விரலால் தடவினால்தான் உணரலாம். பொன்னும் அடக்கமாகவே மின்னும். கோட்டின் நுண்மையும் முகத்தின் சாந்தமும் முதன்மை பெறும். தஞ்சை ஓவியம் தவில் நாகசுரம் என்றால், மைசூர் ஓவியம் வீணை எனலாம்.

மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூர் ஓவியம் உச்ச நிலை எய்தியது. 1861-ஆம் ஆண்டில் அவர் எழுப்பிய ஜகன்மோகன மாளிகையின் சுவர்களில் அக்காலத்து ஓவியர் கைவண்ணத்தை இன்றும் காணலாம். நம் வீட்டுக் கூடத்தில் பாட்டனார் காலத்திலிருந்து தொங்கும் இராமர் பட்டாபிடேகப் படத்திற்கும், அண்டை வீட்டுக் கன்னட அன்பரின் பூசையறைச் சாமுண்டீசுவரி படத்திற்கும் மூதாதையர் ஒருவரே என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

உதகையைத் தேடிச் சென்ற வெங்கடப்பா

இவ்வரலாற்றில் நடுநாயகமாக விளங்குபவர் கே. வெங்கடப்பா. 1886-ஆம் ஆண்டில் மைசூரில், அரண்மனைச் சித்திரகாரர் குடும்பத்தில் பிறந்தார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இவ்விளைஞரின் திறனறிந்து கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். அங்கு அவனீந்திரநாத தாகூரின் மாணவராயினார்; நந்தலால் போஸ் இவருடன் பயின்றவர். சகோதரி நிவேதிதை தொடங்கி வைத்து 1913-இல் வெளியான இந்து, பௌத்தப் புராணக் கதை நூலுக்கு ஓவியம் தீட்டியவர்களுள் இவரும் ஒருவர். வங்கத்தில் ஒரு புதிய இந்திய ஓவிய நெறி உருவானபோது, தென்னாட்டிலிருந்து சென்று அதில் பங்கேற்றார் என்பது சிறிய பெருமை அன்று.

கல்கத்தாவில் இவர் கற்றது ‘வாஷ்’ என்னும் முறை. தாளில் வண்ணம் தீட்டி, நீரில் நனைத்து, உலர்த்தி, மீண்டும் தீட்டுவர். இவ்வாறு பலமுறை செய்யின் கோடுகள் மங்கிப் படம் முழுதும் பனி மூடியது போலாகும். புராணக் காட்சிகளுக்கு அம்முறை பொருந்தியது. ஆயின் ஊர் மீண்ட வெங்கடப்பா அத்தோடு நின்றுவிடவில்லை. கண்ணெதிரே உள்ள இயற்கையைக் கண்டவாறே தீட்ட வேண்டும் என்னும் வேட்கை அவருள் எழுந்தது. அதற்கு அவர் தேர்ந்த இடம் நம் உதகையும் கொடைக்கானலும்!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் அடைந்திருந்தது. மைசூர் அரசர்க்கு உதகையில் பெர்ன்ஹில் மாளிகையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு அஞ்சி ஓடிய மலையாகத்தான் உதகையைப் பலர் அறிவர். குதிரைப் பந்தயம், வேட்டை, விருந்து என்று அவர்கள் பொழுது போக்கிய அதே மலையில், 1920-களிலும் 1930-களிலும் வெங்கடப்பா வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

பருவ மழை மேகங்கள் கலைந்து வெளிச்சம் விழும் ஒரு கணம், ஏரியின்மேல் நிலவு, மலைச்சரிவில் விடியல், அந்தியின் செம்மை, இவையே அவர் பொருள்கள். படங்கள் அளவில் சிறியவை, நீர்வண்ணத்தில் ஆனவை. அவற்றில் மனிதரைக் காண்பது அரிது. மேகத்தின் அடிப்பாகம் எவ்வளவு கருமை, ஓரம் எவ்வளவு வெண்மை, தொலைமலை எத்தனை நீலம் என்பவற்றைப் பொற்கொல்லர் குன்றிமணி எடை பார்ப்பது போல நிறுத்து நிறுத்து வைத்திருப்பார். கல்கத்தாவில் நீரில் நனைத்து உண்டாக்கிய மூடுபனியை அவர் நீலகிரியில் நேரே கண்டார். கண்டபின் முறையால் வரும் பனியை விட்டு, மெய்யான பனியைத் தீட்டினார். அவருடைய சிறந்த படைப்புகளுள் இம்மலைக் காட்சிகளை வைத்துப் போற்றாதவர் இல்லை.

தமிழராகிய நாம் இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். உதகைக்குப் போகாத குடும்பம் நம்மில் இல்லை. படகில் ஏறுகிறோம்; தைலமும் வர்க்கியும் வாங்குகிறோம்; திரும்புகிறோம். மைசூர்ச் சித்திரகாரர் மகன் ஒருவர் அங்குச் சென்று மேகத்தைக் கண்டு வந்து நமக்குக் காட்ட வேண்டியிருந்தது. பிறந்து வளர்ந்தவன் கண்ணுக்குப் பழகிப் போனது, வந்தவன் கண்ணுக்குப் புதிதாகத் தெரிகின்றது. வந்து சேர்ந்தவர்க்கு இயல்பாகக் கிடைத்த செல்வம் இது. நாமும் இந்நகருக்கு வந்து சேர்ந்தவர்களே. அச்செல்வத்தை நாம் பயன்படுத்தினோமா என்பதே கேள்வி.

வெங்கடப்பாவை இயக்கிய பிறிதொரு சக்தி இசை. வீணை சேஷண்ணாவிடம் வீணை பயின்றார். அப்பயிற்சியில் மூழ்கித் தூரிகையை மறந்த நாள்களும் உண்டு. 1926-இல் தம் வீணைப் பித்தையே ஓர் ஓவியமாகத் தீட்டினார். தந்தத்தில் நுண்ணிய உருவங்கள் வரைவதிலும், சுதையில் புடைப்புச் சிற்பங்கள் அமைப்பதிலும் வல்லவராயிருந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் கலையொன்றையே துணையாகக் கொண்டார்.

மானமும் அவருக்கு உயிர். மைசூர் அரண்மனைக்குப் புடைப்புச் சிற்பங்கள் செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1940-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மறைந்தபின் அப்பணி தடைப்பட்டது. கலைஞன் கையேந்தி நிற்பவன் அல்லன், ஒப்பந்தப்படி உரிமை உள்ளவன் என்று கருதிய வெங்கடப்பா வழக்கு மன்றம் ஏறினார். அரண்மனைச் சோறுண்ட மரபில் வந்த ஒருவர் அரண்மனைக்கு எதிராக வழக்காடுதல் அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவும் இயலாத செயல். பிற்காலத்தைப் பெங்களூரில் எளிமையாகக் கழித்து 1965-இல் மறைந்தார்.

அவர் பெயரால் 1970-களில் கஸ்தூரிபா சாலையில் கலைக்கூடம் ஒன்று எழுந்தது. அதை அடுத்திருப்பது அரசு அருங்காட்சியகம். அதனை 1865-இல் தொடங்கியவர் எட்வர்ட் பால்பர். 1851-இல் சென்னை அருங்காட்சியகத்தை உருவாக்கியவரும் அவரே. ஆக, அச்சாலையில் ஒட்டி நிற்கும் இரண்டு கட்டடங்களுக்கும் தமிழகத் தொடர்பு உண்டு. 2016-ஆம் ஆண்டில், வெங்கடப்பா கலைக்கூடத்தைத் தனியார் பொறுப்பில் விடும் ஏற்பாட்டை எதிர்த்து இந்நகர ஓவியர்கள் ஒன்று திரண்டனர். மூத்தோரும் மாணவரும் அக்கூடத்தின் முன் கூடிப் பாடியும் வரைந்தும் குரல் எழுப்பினர். மறைந்து அரை நூற்றாண்டு ஆன பின்னும் ஓர் ஓவியரின் பெயருக்காக மக்கள் நின்றனர் என்பது இந்நகருக்குப் பெருமை தருவதாகும்.

மரங்களைப் பாடிய தூரிகை

வெங்கடப்பா மேகங்களைத் தேடி மலையேறினார் என்றால், ருமாலே சென்னபசவையா தம் தெருவிலேயே தமக்கு வேண்டியதைக் கண்டார். 1910-இல் தொட்டபள்ளாபுரத்தில் பிறந்த இவர், பெங்களூரில் அ. நா. சுப்பராவ் நிறுவிய கலாமந்திரத்தில் பயின்றவர். இளமையில் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுத் தூரிகையைக் கீழே வைத்து விடுதலைப் போரில் புகுந்தார். சேவாதளத் தொண்டராகவும், ‘தாயிநாடு’ இதழின் ஆசிரியராகவும், பின்னர் மேலவை உறுப்பினராகவும் பணியாற்றினார். நாட்டுப் பணியில் முப்பது ஆண்டுகள் ஓடிய பின், 1960-களில் மீண்டும் தூரிகையைக் கையில் எடுத்தார். ஐம்பது வயதைக் கடந்த பிறகு கலைக்குத் திரும்பியவர் என்பதை நம் காலனியில் ஓய்வு பெறும் நிலையில் உள்ள அன்பர்கள் நினைவில் கொள்வார்களாக. 1988-இல் மறையும் வரை அவர் கை ஓயவில்லை.

அவர் படங்களில் பெங்களூர்ச் சாலைகளின் பூமரங்கள் தீப்பற்றியது போல் நிற்கும். குல்மொகரின் செம்மையும், ஜகரண்டாவின் ஊதாவும் தடித்த வண்ணப் பூச்சுகளாய்த் தாளிலும் துணியிலும் கொப்பளிக்கும். வான்கா என்னும் ஓலாந்து ஓவியரோடு இவரை ஒப்பிட்டுப் பேசுவோர் உண்டு.

அம்மரங்கள் எங்கிருந்து வந்தன? குல்மொகர் மடகாஸ்கர்த் தீவினது. ஜகரண்டாவும் தபேபூயாவும் மழைமரமும் அமெரிக்கக் கண்டத்தின. லால்பாக் தோட்டத்தில் 1908 முதல் 1932 வரை பணியாற்றிய கிரும்பீகல் என்னும் ஜெர்மானியர், ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்குமாறு, ஆண்டு முழுதும் நகரில் எங்கேனும் பூவிருக்குமாறு வகுத்துச் சாலை மரங்களை நடும் முறையைப் பரப்பினார். அம்மரங்கள் யாவும் வந்து குடியேறியவை! இன்று அவையின்றிப் பெங்களூர் உண்டா? கன்னடராகிய ருமாலே அவற்றைத் தம் ஊரின் மரங்கள் என்றே தீட்டினார். மண்ணில் வேரூன்றி, நிழல் தந்து, காலம் தவறாமல் பூக்கும் மரத்தை எந்த ஊரும் அயலானாக எண்ணுவதில்லை.

சென்று மீண்டவரும் வந்து சேர்ந்தவரும்

கலை பயிலச் சென்னையை நாடிச் சென்ற மைசூர் நாட்டினருள் எஸ். ஜி. வாசுதேவ் குறிப்பிடத் தக்கவர். 1941-இல் மைசூரில் பிறந்த இவர், சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் பயின்றார். பணிக்கரோ கோவையில் பிறந்தவர். அவர் தலைமையில் 1966-இல் மாமல்லபுரம் செல்லும் வழியில், ஈஞ்சம்பாக்கக் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியபோது, அதன் நிறுவனர்களுள் வாசுதேவும் ஒருவராயிருந்தார். துணிச்சாயம் முதலிய கைத்தொழிலால் வயிறு வளர்த்து, ஓவியத்தை விலைக்கு அடிமையாக்காமல் காப்பது அவர்கள் கொள்கை. சோழர் பெயர் தாங்கிய மணலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார்.

அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது ‘விருட்சம்’ என்னும் ஓவிய வரிசை. கன்னடக் கவிஞர் பேந்திரேயின் கற்பகத்தரு பற்றிய கவிதை அதற்கு ஊற்றாக அமைந்தது. பின்னர் ஏ. கே. இராமானுஜன் கவிதைகளை ஒட்டியும் கோட்டோவியங்கள் வரைந்தார். இராமானுஜன் யார்? மைசூரில் பிறந்த தமிழர். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதியவர். நம் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967-இல் வெளியிட்டு, உலகம் வியக்கச் செய்தவர். கன்னட வீரசைவ அடியார்களின் வசனங்களையும் அவ்வாறே பெயர்த்தவர். கடற்கரைத் தமிழ் மண்ணில் வளர்ந்த கன்னட ஓவியர், மைசூர் மண்ணில் வளர்ந்த தமிழ்க் கவிஞரை ஓவியத்தால் போற்றினார். இதனினும் சிறந்த கொடுக்கல் வாங்கல் எங்கே உண்டு?

வந்து சேர்ந்தவர் வரிசையில் யூசுப் அரக்கலை மறத்தலாகாது. 1945-இல் கேரளத்துச் சாவக்காட்டில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, வீட்டை விட்டு ஓடிப் பெங்களூரை அடைந்தவர். கிடைத்த வேலைகளைச் செய்து, விமானத் தொழிற்சாலையிலும் பணிபுரிந்து, சித்திரகலா பரிஷத்தில் ஓவியம் கற்றார். நடைபாதையில் உறங்குவோர், முகமறியாக் கூட்டத்தில் தனித்து நிற்போர், உழைத்துக் களைத்தோர் ஆகியோரே அவர் ஓவியங்களில் நிறைந்தனர். தாம் பட்ட துன்பத்தை வெறுப்பாக மாற்றாமல் இரக்கமாக மாற்றியவர் அவர். 2016-இல் மறைந்தார். உருசிய நாட்டில் பிறந்து, நடிகை தேவிகாராணியை மணந்து, கனகபுரா சாலைத் தோட்டத்தில் வாழ்ந்து மறைந்த சுவெத்தசிலாவ் ரோரிக்கும் இந்நகரம் தனதாக்கிக்கொண்ட ஓவியரே.

வாதாபியாகிய பாதாமியிலிருந்து வந்தவர் ஆர். எம். ஹடபத். 1960-களில் ‘கென்’ கலைப் பள்ளியைத் தொடங்கி, வசதியற்ற மாணவர் பலரை ஓவியராக்கி, 2003-இல் மறைந்தார். முற்காலத்தில் வாதாபியும் காஞ்சியும் ஒன்றோடொன்று பொருதன. இக்காலத்தில் வாதாபி மைந்தர் நடத்திய பள்ளியில் எம்மொழி மாணவரும் ஒரே பலகையில் அமர்ந்து வரைந்தனர். காலம் செய்த மாற்றம் இது.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றைக் கொண்டு, எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று. வெங்கடப்பா தமிழகத்தால் உருவானவர் அல்லர். மைசூரும் கல்கத்தாவும் அவரை உருவாக்கின. தமிழ் மலை அவருக்குப் பொருளாயிற்று, அவ்வளவே. ஆயினும் அவ்வளவே போதுமானது. ஒருவரை இயக்கிய பொருளில் நம் மண்ணும் கலந்திருக்கின்றது என்றால், அவர் படைப்பில் நமக்கும் ஓர் உறவு உண்டு. அவ்வாறே நம்மை வாழ்விக்கும் இந்நகரில் நாம் ஆக்குவது எதுவாயினும், அதில் இம்மண்ணுக்கும் பங்கு உண்டு.

இந்நகரில் நாம் கண்ட நாள்கள் யாவும் நல்ல நாள்கள் அல்ல. 1991-ஆம் ஆண்டில் காவிரி நீர் பற்றிய பூசல் மூண்டபோது பல தமிழ்க் குடும்பங்கள் கதவடைத்து நடுங்கின. அதே ஆண்டில் அல்சூர் ஏரிப் பக்கம் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரு மாநில முதல்வர்களும் கூடி அதைத் திறந்தனர். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. நீர் பிரிக்கக் கண்டதைக் கலை சேர்க்கக் கண்டோம். காவிரியோ இவ்வழக்கு ஒன்றையும் அறியாது. தரியா தௌலத்துச் சுவரைக் கடந்து ஓடும் அதே நீர்தான் தஞ்சைக்கும் வருகின்றது.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறோம். ஆண்டுதோறும் அவற்றைப் பார்த்து வருகிறேன். இரண்டு முக்கோண மலைகள், நடுவே அரைச் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. பத்தில் எட்டுத் தாள்கள் இவ்வாறே இருக்கும். நம் காலனியில் மலையும் இல்லை, ஆறும் இல்லை, குடிசையும் இல்லை. யாரோ வரைந்ததைப் பார்த்து யாரோ வரைந்ததைக் குழந்தை வரைகின்றது. தன் வாயிலில் ஊதாப் பூவைக் கொட்டி நிற்கும் மரம் அதன் கண்ணில் படுவதில்லை.

ஆதலால் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் போட்டியில், நம் காலனியில் கண்ணால் கண்ட ஒன்றையே வரைய வேண்டும் என்று விதி செய்யலாம். தண்ணீர்த் தொட்டியாயினும் சரி, இருப்புப்பாதைக் கதவாயினும் சரி, காலையில் கீரை விற்க வரும் அம்மையாராயினும் சரி. சித்திரகலா பரிஷத்தார் 2004 முதல் சனவரி மாதத்து ஞாயிறொன்றில் குமாரகிருபா சாலையில் நடத்திவரும் சித்திரச் சந்தைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். வாங்கப் பணம் வேண்டும். பார்க்கப் பணம் வேண்டுவதில்லை. உதகைக்குச் செல்லும்போது ஒரு வண்ணப் பெட்டியையும் எடுத்துச் சென்று, படகில் ஏறுமுன் பிள்ளைகளை அரை மணி நேரம் வானத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

முடிவுரை

நம் ஊர் எது என்று பிள்ளைகள் கேட்டால் நாம் சொல்லத்தக்க விடை இதுவே: பாட்டனார் பிறந்த ஊர் தமிழ்நாட்டில் உள்ளது, அதை மறவாதே. நீ கண் திறந்து நன்றாகப் பார்த்த ஊரும் உன் ஊரே. வெங்கடப்பாவுக்கு உதகை அவ்வாறே சொந்தமாயிற்று. வாசுதேவுக்குச் சோழமண்டலக் கடற்கரை அவ்வாறே சொந்தமாயிற்று. அரக்கலுக்குப் பெங்களூர் நடைபாதை அவ்வாறே சொந்தமாயிற்று. நமக்கும் இந்நகரம் அவ்வாறு சொந்தமாகட்டும். அதன் மரங்களையும் மனிதரையும் தீட்டிக் காட்டும் ஓவியர் ஒருவர் நம் காலனிப் பிள்ளைகளிலிருந்து தோன்றட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க கலை! ஓங்குக இரு நாட்டு நட்பு!